களவாவைத் திருப்பி அனுப்பியவர்

நான் மீனை வெட்டத் தொடங்கியதும் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நாற்பது வருடம் கடலுக்குப் போன மனிதர். உள்ளங்கை முழுக்கத் தூண்டில் கயிறு அறுத்த தழும்பு. அப்படிப்பட்டவர் என் அரிவாள்மனைக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, வயிற்றைக் கீறப் போகிறேன் என்று தெரிந்ததும் உப்பளத்துப் பக்கம் திரும்பிவிடுவார். "ஆச்சாம்மா?" என்று கேட்பார். "ஆச்சுண்ணா" என்று நான் சொன்ன பிறகுதான் இந்தப் பக்கம் பார்ப்பார். சில நாள் வேண்டுமென்றே முன்கூட்டி "ஆச்சு" என்று சொல்லி, அவர் திரும்பியதும் குடலைத் தூக்கிக் காட்டுவேன். "சீ, பொம்பளையா நீ?" என்று எழுந்து போய்விடுவார். மறுநாள் அதே ஸ்டூலில் வந்து உட்கார்ந்திருப்பார்.

இதைப் பயம் என்று நினைத்துவிடக் கூடாது. அவருடைய மீனவக் குப்பத்து ஆண்கள் யாருமே மீனை வெட்டிப் பார்த்தவர்கள் இல்லை. பிடிப்பதோடு அவர்கள் வேலை முடிந்தது. கரையில் கூடையை இறக்கியதும் மீன் பெண்கள் கைக்கு வந்துவிடும். வீட்டில் அரிவாள்மனையில் உட்காரும் ஆணைப் பற்றிப் பத்து நாளைக்குப் பேசிச் சிரிப்பார்கள். நானோ பிரம்மதேசத்துப் பக்கம் வயலுக்கு நடுவில் பிறந்தவள். மரக்காணத்துக்கு வாக்கப்பட்டு வந்த பிறகுதான் கடலையே பார்த்தேன். என் வீட்டுக்காரர் உப்பு லாரியில் அடிபட்டுப் படுத்த பிறகு, ஈசிஆர் ரோட்டோரம் உப்பளத்துக்கு எதிரே தார்ப்பாய் கட்டி மீன் வெட்ட உட்கார்ந்தேன். படகில் ஒரு நாளும் ஏறியதில்லை. அவர் மீனின் உள்ளே பார்த்ததில்லை. நான் மீன் உயிரோடு மேலே வருவதைப் பார்த்ததில்லை. நடந்த கேட்டுக்கெல்லாம் இதுதான் காரணம் என்று சொல்லிவிட எனக்கும் ஆசைதான். ஆனால் இது பாதிக் காரணம். மீதி நான்.

அவர் பிடித்தது களவா. இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்; அப்படி அறுபது பாகம் ஆழத்தில் பாறை இடுக்கில் ஒண்டிக் கிடக்கும் மீன். தடித்த உதடும் பெரிய வாயுமாக, சம்பந்தி வீட்டில் மரியாதை குறைந்துவிட்ட பெரியவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருக்கும். ஓடிப் பிடித்துத் தின்னாது. பக்கத்தில் வரும் மீனையோ நண்டையோ வாயைத் திறந்து அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளும். வெள்ளைச் சதை, கொழுப்பு கம்மி, முள்ளும் கம்மி. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர்களுக்கு அதன் தலையை மிளகு போட்டுக் கொதிக்க வைத்துக் கொடுத்தால் மூன்றாம் நாள் எழுந்து நடப்பார்கள் என்று சொல்வார்கள். என் வீட்டுக்காரருக்கு நான் ஆறு மாதம் அதைத்தான் கொடுத்தேன். அவர் எழுந்து நடக்கவில்லை, ஆனால் சோறு இறங்கியது.

அந்த ஆறு மாதமும் களவாத் தலையை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தவர் இவர்தான். நான் கேட்கவில்லை. தன் மீனை வேறு யாரிடமும் வெட்டக் கொடுக்காமல் என்னிடமே கொடுத்தார். அவர் மீனை வாங்க வருகிறவர்கள் மற்ற மீனையும் என்னிடமே கொண்டுவந்தார்கள். என் அடுப்பு எரிந்தது அவரால்தான்.

அவரிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. ஊரே அதை வைத்துத்தான் அவரை அடையாளம் சொல்லும். தூண்டிலில் வரும் களவாவைத் தன் முழங்கையிலிருந்து மடக்கிய விரல் வரை வைத்து அளப்பார். அதற்குக் குறைந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். விட்டுவிடுவார் என்று சொல்லவில்லை, அனுப்பிவிடுவார் என்றுதான் சொல்கிறேன். அவரும் அப்படித்தான் சொல்வார்.

"சும்மா தூக்கிப் போட்டா முழுவாதும்மா. அம்மாம் ஆழத்துலேர்ந்து இஸ்தா உள்ள காத்து அடைச்சிக்கும். மேலயே மல்லாந்து கெடக்கும். கடல் காக்கா வந்து கண்ணக் கொத்தும். அதனால காத்துப்பைய ஒரு குத்து குத்துவேன். புஸ்ஸுனு எறங்கிடும். அப்புறம் பாரு, ஒரே பாய்ச்சல்."

குத்துவதற்குக் கோணி ஊசி. அவர் மனைவி உப்பளத்தில் மூட்டை தைக்கிறவர், வீட்டில் ஊசிக்குப் பஞ்சமில்லை. குத்தி இறக்கும்போது மீனிடம், "போ, போயி பெருசாயி வா" என்பாராம். படகில் கூடப் போனவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

சிரிப்பு எப்போதும் சிரிப்பாகவே இருந்ததில்லை. ஒருமுறை தங்கை புருஷனான மச்சினன் ஒளித்து வைத்த நாலு சின்னக் களவாவைக் கண்டுபிடித்து, செத்துப்போயிருந்தவற்றையும் சேர்த்துக் கடலில் எறிந்துவிட்டார். அதற்கு மேல் மச்சினன் அவர் படகில் ஏறவில்லை. தங்கை வீட்டுக் கல்யாணத்துக்கும் இவரை அழைக்கவில்லை. வருத்தமில்லையா என்று கேட்டேன்.

"வருத்தம்தான். அதுக்கு? பிரியாணிக்கோசரம் கொள்கைய மாத்திக்கணுமா?"

சின்னக் களவாவுக்கு அப்போதே நல்ல கிராக்கி. பொம்மையார்பாளையம் பக்கம் ரோட்டோரம் வந்த ஓட்டல்களில் ஒரு தட்டுக்கு ஒரு முழு மீன் என்று வைக்கத் தொடங்கியிருந்தார்கள். தலையும் வாலும் தட்டுக்குள் அடங்க வேண்டும். அவர்களுக்காக மீன் வாங்க பைக்கில் வரும் ஆள் என் கடையிலேயே அவரை மடக்கிக் கேட்டான். "அண்ணா, நீங்க தூக்கிப் போடற சைஸ்தான் எங்களுக்கு வேணும்." இவர் அவன் பைக் சாவியை எடுத்துப் பக்கத்து உப்புப் பாத்தியில் எறிந்தார். அவன் கணுக்கால் நீரில் இறங்கித் தேடுவதைப் பார்த்துக்கொண்டே என்னிடம், "தூக்கிப் போட்டா எப்படி இருக்குதுன்னு தெரியட்டும்" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

சுகாதார நிலையத்து நர்ஸம்மா வேறு, வயிற்றுப் பிள்ளைக்காரிகளிடம் பெரிய களவாவை அடிக்கடி தின்ன வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தார். வயதான பெரிய மீனின் சதையில் பாதரசம் சேர்ந்துபோயிருக்குமாம், சின்னதென்றால் பரவாயில்லையாம். அந்தம்மா சொன்னது நியாயம்தான். ஆனால் இவருக்கு அன்று முழுக்க மனசு சரியில்லை. "எல்லாரும் சின்னத கேட்டா பெருசு எங்கேர்ந்து வரும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மீனைப் பற்றிப் படிக்கும் ஒரு கல்லூரிப் பெண் அந்த நாட்களில் என் கடைக்கு வருவாள். களவாவின் தலைக்குள் இருக்கும் சின்னக் கல்லை வாங்கிப் போவாள். மரத்தில் இருப்பதுபோல் அந்தக் கல்லில் வளையம் இருக்குமாம், எண்ணினால் வயது தெரியுமாம். ஒரு மீன் என் மகளைவிட மூத்தது என்று அவள் சொன்னபோது எனக்குக் கத்தியை வைக்கவே கூச்சமாகிவிட்டது. அவள்தான் இன்னொன்றும் சொன்னாள். களவா பிறக்கும்போது எல்லாமே பெண். பல வருடம் முட்டையிட்டு, வயதாகிப் பெருத்த பிறகு சிலது ஆணாக மாறும். நான் நம்பினேன். என் கையில் வெட்டுப்பட்ட சின்னது எதிலும் ஆணைப் பார்த்ததில்லை. அவருக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. "அப்போ நா அனுப்பறது எல்லாம் பொண்ணுங்க. என் வூட்டுல ஒரு பொண்ணுகூட பொறக்கல, பாரு, கடல்ல எத்தினி!" என்றார்.

அதற்குப் பிறகு அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. கடற்கரை ஊர்களில் கூட்டம் போடும் ஓர் அமைப்பு அவரைப் பற்றிக் கேள்விப்பட்டு, மேடையில் உட்கார வைத்துச் சால்வை போட்டது. அந்தச் சால்வையோடு நேராக என் கடைக்கு வந்தார். மீன் கவிச்சி ஒட்டிவிடும் என்று ஸ்டூலில் உட்காராமல் நின்றபடியே பேசினார். குப்பத்தில் இன்னும் இரண்டு படகுக்காரர்கள் ஊசி கேட்டு வாங்கியிருக்கிறார்களாம். அவ்வளவு சந்தோஷமாக அவரை அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் அது நடந்தது. ஒரு சின்னக் களவாவைத் துண்டில் சுற்றி, திருடிக்கொண்டு வந்தவர் மாதிரி கொண்டுவந்தார். "குத்தியும் முழுவலம்மா. மூணு தபா போட்டேன், மேலயே வந்துது. செத்துப்போச்சு. வூட்டுக்கு எடுத்துக்க, யார்கிட்டயும் சொல்லாத" என்று கொடுத்துவிட்டு, நான் வெட்டுவதற்கு முன்பே போய்விட்டார்.

நான் வெட்டினேன். முதுகெலும்புக்குக் கீழே காற்றுப்பை உப்பி விறைத்து அப்படியே இருந்தது. ஊசி அதைத் தொடவே இல்லை. மீனின் வாய்க்கு வெளியே சிவப்பாக ஒன்று பிதுங்கித் தொங்கியது. ஆழத்து மீன் பலதும் அப்படித்தான் வரும், நான் தினமும் அறுத்து எறிகிற ஒன்று. அதில்தான் மூன்று ஓட்டை. அது இரைப்பை. உள்ளே ஊதிய காற்று இரைப்பையை வாய் வழியே வெளியே தள்ளிவிடுகிறது. அவர் அதைக் காற்றுப்பை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். இத்தனை வருடமாக இரைப்பையைக் கிழித்துக் கிழித்துத்தான் கீழே அனுப்பியிருக்கிறார். சில மீனுக்குக் காற்றுப்பை தானே கிழிந்து, அந்தக் காற்று இந்த ஓட்டை வழியாகப் போகும், அதனால் மூழ்கும் என்று பின்னால் அந்தக் கல்லூரிப் பெண் சொன்னாள். மூழ்கிப் போய் என்ன செய்யும்? இரைப்பை கிழிந்த மீன் எதைத் தின்னும், எப்படிப் பெரிதாகும்?

அன்றைக்கே நான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும்.

சொல்லவில்லை. சால்வை போட்டு ஒரு வாரம்தான் ஆகிறது, கொஞ்ச நாள் போகட்டும் என்று முதலில் நினைத்தேன். பிறகு, கடலைத் தெரியாத நான் போய்க் கடல்காரருக்குச் சொல்வதா என்று நினைத்தேன். இதெல்லாம் சாக்கு. உண்மை என்னவென்றால், மனசு உடைந்து அவர் கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டால் எனக்கு மீன் வராது. கோபம் வந்து வேறு கடைக்குப் போய்விட்டாலும் வராது. படுக்கையில் கிடக்கும் புருஷனும் பள்ளிக்கூடம் போகும் மகளும் எனக்கு இருந்தார்கள். இதை எழுதும்போதுகூட அவர்களைக் காட்டித்தான் ஒதுங்கப் பார்க்கிறேன்.

இரண்டு வருடம் போயிற்று. அந்த இரண்டு வருடத்தில், அவர் படகோடு சேர்த்து மூன்று படகில் இருந்த ஊசி குப்பம் முழுக்கப் பரவியது. அவர் சொல்லிக் கொடுத்தார், இளவட்டங்களும் கேட்டுக்கொண்டார்கள். களவா பிடிக்கும் எல்லாப் படகும் சின்னதைக் குத்தித் திருப்பி அனுப்பியது. வேறு எந்தக் குப்பத்திலும் செய்யாத காரியம். அவர் ஒவ்வொரு நாளும் வந்து கணக்காகச் சொல்வார், இன்றைக்கு எந்தப் படகு எத்தனை அனுப்பியது என்று. நான் செதிலைச் சுரண்டிக்கொண்டே "நல்லதுண்ணா, நல்லதுண்ணா" என்பேன்.

பிறகு ஒரு நாள், பெரிய கோணி ஊசிக் கட்டு ஒன்றோடு வந்தார். அந்த அமைப்பு அவரைத் தெற்கே பத்துப் பதினைந்து குப்பத்துக்குக் கூட்டிப்போய்ச் சொல்லித்தரச் சொல்லப் போகிறது. மறுநாள் காலை வேன் வருகிறது. "துருப் பிடிக்காம ஒரு பிளாஸ்டிக் பையில போட்டுக் குடும்மா" என்றார். அத்தனை ஊசியைப் பார்த்ததும் அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

அவர் கொண்டுவந்த பெரிய களவா ஒன்று பலகையில் கிடந்தது. வாயில் சிவப்பாகப் பிதுங்கியிருந்தது. நான் கத்தியை எடுத்ததும் வழக்கம்போல் திரும்பிக்கொண்டார்.

"அண்ணா, இன்னிக்குத் திரும்பாதீங்க. பாருங்க."

"இன்னாம்மா வெளையாட்டு?"

"வெளையாட்டு இல்ல. நீங்க எதக் குத்துவீங்க? காட்டுங்க."

அவர் வாயில் பிதுங்கியதைத் தொட்டுக் காட்டினார். நான் வயிற்றைக் கீறினேன். அவர் முகம் சுளித்தாலும் பார்த்தார். அந்தச் சிவப்புப் பையை விரலால் உள்ளே இழுத்து, அது தொண்டையிலிருந்து குடல் வரை ஒரே குழாயாகப் போவதைக் காட்டினேன். உள்ளே பாதி கரைந்த நண்டு ஓடு ஒன்று ஒட்டியிருந்தது. பிறகு முதுகெலும்பின் கீழிருந்த காற்றுப்பையைத் தொட்டுக் காட்டினேன். எதுவும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் புத்திசாலி.

விரலை நீட்டி அந்த நண்டு ஓட்டைத் தொட்டார்.

"அப்போ அதுங்க எல்லாம்?"

"தெரியலண்ணா."

"தெரியும் ஒனக்கு. சொல்லு."

"செத்துருக்கும்ணா. நெறைய செத்துருக்கும்."

"கீழ போயா?"

"கீழ போயி."

அவர் தலையை ஆட்டினார். பசியில் எத்தனை நாள் கிடந்திருக்கும் என்று தனக்குள் கேட்டுக்கொண்டார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"நீ இத எப்போ பாத்த?"

நான் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. வாய் தானாகச் சொன்னது.

"நேத்துதான்ணா."

அவர் நம்பினார்.

மறுநாள் வேனைத் திருப்பி அனுப்பினார். வந்தவர்களிடம் ஒளிக்காமல் காரணத்தையும் சொன்னார். அந்தக் கல்லூரிப் பெண்ணைத் தேடிப்போய்ச் சரியான முறையைக் கற்றுக்கொண்டார். மீனின் விலாப் பக்கத்தில் ஒரு செதிலை நீக்கி, காற்றுப்பைக்குள் மெல்லிய குழாய் ஊசியைச் சாய்வாக விட வேண்டும். அதைவிட நல்லது, உதட்டில் முள்ளில்லாத கொக்கியை மாட்டி, கல்லைக் கட்டி, அறுபது பாகமும் மெல்ல இறக்கி அங்கேயே விடுவது. பிறகு குப்பத்தில் படகு படகாகப் போனார். எல்லோரிடமும் நின்று சொன்னார். "நா சொல்லிக் குடுத்தது தப்பு. நாம அனுப்பனது எல்லாம் செத்துப்போச்சு. இப்படிச் செய்யணும்."

அவர்கள் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டார்கள். "சாவறதுக்கா இத்தினி நாளு வுட்டோம்? ஓட்டலுக்காவது குடுத்துருக்கலாமே" என்று ஒருவன் கேட்டான். ஒவ்வொரு மீனுக்கும் கல் கட்டி இறக்க யாருக்குப் பொறுமை? ஒரே மாதத்தில் எல்லாப் படகிலிருந்தும் சின்னக் களவா கரைக்கு வரத் தொடங்கியது. மூன்று படகு மட்டும் குத்திக்கொண்டிருந்த அன்றே நான் சொல்லியிருந்தால் மூன்று பேரைத் திருத்துவதே போதுமாக இருந்திருக்கும். மற்றவர்கள் சரியானதையே கற்றிருப்பார்கள். இதை எத்தனை முறை மனதில் போட்டு உருட்டியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அவர் மட்டும் கல் கட்டி இறக்கினார். கூட வந்தவன் நேரம் வீணாகிறது என்று நின்றுவிட்டான். கொஞ்ச நாள் தனியாகப் போனார். பிறகு தோள் ஒத்துழைக்கவில்லை. படகைக் கொடுத்துவிட்டார். அதன் பிறகும் தினமும் என் கடைக்கு வந்தார். இப்போது முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. தட்டு அளவுக் களவாவைக் கூடை கூடையாக என்னிடம்தான் வெட்டக் கொடுத்தார்கள். எனக்கு நிமிர நேரமில்லை. ஒவ்வொரு வயிற்றைக் கீறும்போதும் குனிந்து பார்ப்பார்.

"இதுவும் பொண்ணா?"

"ஆமாண்ணா."

"அது?"

"அதுவும்தான்."

அவ்வளவுதான் பேச்சு. சாயங்காலம் வரை அப்படியே இருப்பார். எனக்கு அவர் வராமல் இருந்தால் தேவலை என்று தோன்றும். அப்படித் தோன்றியதற்காக வீட்டுக்குப் போய் அழுவேன்.

என் கடைக்குப் புதிதாக யார் வந்தாலும் அவர் என்னைக் காட்டி ஒன்று சொல்வார். மாமியார் முதல் மகள் வரை யாரிடமும் நான் அப்படி ஒரு பேர் வாங்கியதில்லை. "இந்தப் பொண்ணு கண்ணுல பட்ட மறுநாளே எங்கிட்ட வந்து சொல்லிடிச்சுங்க. வேற யாராச்சும்னா பொழப்பு கெட்டுடும்னு மறைச்சிருப்பாங்க." ஒவ்வொரு முறையும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுப்பேன். அடுத்த மீனைப் பலகைக்கு இழுப்பேன்.

மழைக்காலத்தில் ஒரு நாள் படுத்தார், நாலு நாளில் போய்விட்டார். நான் போனபோது அவர் மனைவி கூட்டத்துக்கு நடுவிலிருந்து எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். உப்பு அரித்த கை.

"கடைசி வரைக்கும் ஒன்னப் பத்திதாம்மா பேசிட்டிருந்தாரு. அவ ஒருத்திதான் எங்கிட்ட எதையும் ஒளிக்காதவள்னு."

சுற்றி இருந்த பெண்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன்.